ஆலோசகரிடம் கேட்க வேண்டிய கேள்வி

இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு ஏறினால், 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கும் பள்ளி. ஏற்காடு இருக்கும் அதே சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்காக அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளும் நடக்கின்றன.

எந்தப் பள்ளி நம் பிள்ளைக்குப் பொருந்தும் என்று சொல்ல இன்று கல்வி ஆலோசகர்கள் வந்துவிட்டார்கள். விவரம் தெரிந்தவரிடம் கேட்பது நல்லதுதான். ஆனால் முதலிலேயே ஒன்றைக் கேளுங்கள்: "ஐயா, எங்கள் பிள்ளையைச் சேர்த்தால் பள்ளி உங்களுக்குப் பணம் தருமா?" தரும் என்றால், அவர் பேசுவது பள்ளிக்காக.

ஐந்தாம் வகுப்பு முடியும் நேரம் மிக முக்கியம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாயும் உண்டு. கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர் பலருக்கு, எதைக் கைவிடுகிறோம் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

நன்கொடை கேட்பதும், சேர்க்கைக்காகக் குழந்தைக்குத் தேர்வு வைப்பதும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தவறு. சந்தேகம் இருந்தால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பிள்ளையின் வகுப்பு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். தினமும் அவனைப் பார்க்கிறவர் அவர்.