படைவீரர் கதை எழுத வந்தால்

கதை எழுதுவது எப்படி என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களிடம் ஆசை மிகுதி, பட்டறிவு குறைவு. இதற்கு நேர்மாறான ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். வயது எழுபதைத் தாண்டியவர். மலேசிய இராணுவத்தில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். “கதை என்னிடம் இருக்கிறது ஐயா, எழுதத்தான் வரவில்லை” என்று சொல்லி, நோட்டுப் புத்தகம் ஒன்றை நம்மிடம் நீட்டினார்.

அவர் பணியாற்றியது நம்மில் பலர் மறந்துவிட்ட காலம். 1948-இல் தொடங்கிய அவசரகாலம் 1960-இல் முடிந்தது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் 1968-இல் கம்யூனிஸ்டுகள் மீண்டும் ஆயுதப் போராட்டத்தில் இறங்கினர். 1989 டிசம்பர் 2-ஆம் நாள் ஹாட்யாயில் உடன்பாடு கையெழுத்தாகும் வரை அது முடிவுக்கு வரவில்லை. கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன், காட்டை வெட்டிச் சாலை போட்டவர்களுக்கு இராணுவம் காவல் நின்றது. இன்று அவ்வழியே போகிற நாம் யானைகள் கடக்கும் இடம் என்ற பலகையைத்தான் பார்க்கிறோம்.

நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், நடந்த தூரம், ஆள் எண்ணிக்கை எல்லாம் இருந்தன. ஒரு பக்கத்தில் இப்படி: ‘காலை 6.10. கண்ணிவெடி. ஒருவர் மரணம், இருவர் காயம்.’ அத்தோடு மறுநாளுக்குப் போய்விடுகிறார். இராணுவம் கற்றுக்கொடுத்த எழுத்து அது. மேலதிகாரிக்கு அனுப்பும் அறிக்கைக்கு அதைவிடச் சிறந்த எழுத்து வேறில்லை. கதை படிக்கிறவனோ, அந்த ‘ஒருவர்’ யார் என்று கேட்பான்.

நாமும் கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார். இறந்தவர் கிளந்தானைச் சேர்ந்த மலாய் நண்பர். உணவுப் பொட்டலத்தில் வரும் பால் குழாயை இருவரும் ஆளுக்குப் பாதியாகப் பிழிந்து தேநீரில் கலந்துகொள்வார்களாம். முதல்நாள் இரவு மிச்சம் வைத்த பால் நம் சார்ஜனின் பையில் இருந்தது. மூன்று வாரம் அதை எறிய மனமின்றிச் சுமந்திருக்கிறார். “இது பெரிய விஷயம் இல்லையே ஐயா, இதையெல்லாம் எழுதலாமா?” என்றார். முதலில் இதை எழுதுங்கள், தேதியும் தூரமும் காத்திருக்கட்டும் என்றோம்.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் கடினமானது. “பெயரை மாற்றி, நடக்காததைச் சேர்த்தால் அவனுக்குத் துரோகம் செய்தது ஆகாதா?”

வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் தாம் கண்டதற்கு மட்டுமே சாட்சி. அந்த நண்பர் கடைசி அடியை எடுத்து வைத்தபோது என்ன நினைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. அந்த இடத்திற்குள் நுழையக் கதைக்கு மட்டுமே வழி உண்டு. ஜெர்மானிய எழுத்தாளர் ரெமார்க் 1917-இல் போர்முனையில் காயமடைந்தவர். அவருடைய புகழ்பெற்ற போர் நாவல் 1929-இல்தான் நூலாக வந்தது. அதன் நாயகன் போர் முடியச் சில வாரங்களே இருக்கும்போது இறந்துவிடுகிறான். எழுதியவரோ 1970 வரை வாழ்ந்தார். இறந்த தோழர்களுக்குத் துரோகம் செய்தார் என்று நாம் சொல்வோமா?

நம் மொழியில், இந்திய தேசிய இராணுவத்தின் காலத்தைப் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலில் காட்டிய ப. சிங்காரம் படைவீரர் அல்லர். மேடானில் வேலை பார்க்க வந்தவர். அந்நாவல் 1972-இல் வெளிவந்தது. இந்நாட்டு இராணுவத்தில் இருந்த தமிழர் தாமே எழுதிய கதைகள் நம் கண்ணில் அரிதாகவே படுகின்றன.

இதற்கு மொழியும் ஒரு காரணமாக இருக்கலாம். முகாமில் கட்டளை மலாயில், நட்பு மலாயில், வசவும் மலாயில். தமிழ் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் இருந்தது. நம் சார்ஜன் எல்லாவற்றையும் செந்தமிழாக்க முயன்று, ‘செடியா’ என்ற கட்டளையை ‘ஆயத்தமாக நில்’ என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்து அவரே சிரித்துவிட்டார். அணிவகுப்புத் திடலில் ஒலித்த சொல்லை அப்படியே விடுவதுதான் சரி. ஆனால் இரவுக் காவலில் தனியாக நின்றவர் தமக்குள் தமிழில்தான் பேசிக்கொண்டார். கதையின் நடைக்கு அந்தத் தமிழ் போதும்.

முகாம் இருந்த இடம், படைப்பிரிவின் செயல்முறை போன்றவற்றில் எச்சரிக்கை வேண்டும். 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவர்களையும் விட்டுவிடாது. நல்லவேளையாக, பால் குழாயில் இரகசியம் எதுவும் இல்லை.

இப்போது எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அதை முடித்ததும் கிளந்தானுக்குப் போய், நண்பரின் தம்பியிடம் மலாயில் சொல்லிக்காட்டப் போகிறாராம். அதுவரை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்ப வேண்டாம் என்று நாமும் சொல்லியிருக்கிறோம்.