சாத்திரதானமும் நிறுவனக் கொடையும்

(அறக்கட்டளையின் சுருத பஞ்சமி விழாவில் ஆற்றிய உரை)



தரசேனாசாரியரிடம் கேட்டறிந்த ஞானத்தைப் புட்பதந்தரும் பூதபலியும் சட்கண்டாகமமாக எழுத்தில் வடித்து நிறைவு செய்த நாளைச் சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம். நூலைப் பீடத்தில் ஏற்றி வணங்குகிறோம். அவ்வாகமத்தின் பிற்கால வரலாற்றையும் இன்று நினைக்க வேண்டும். மூடபித்ரியில் அதன் ஏடுகள் பல நூற்றாண்டுகள் பேழைக்குள் இருந்தன. தொலைவிலிருந்து வந்தவர்கள் தரிசித்துச் சென்றார்கள். ஓதும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. விதிஷா நகர வணிகர் ஒருவர் மனமுவந்து அளித்த பொருளைக் கொண்டு, ஹீராலால் ஜைன் அவர்களின் பதிப்பில் 1939 முதல் பதினாறு தொகுதிகளாக அச்சேறிய பின்னரே அது கற்போர் கைக்கு வந்தது. வணிகரின் செல்வமும் அறிஞரின் உழைப்பும் கூடிய இடத்தில்தான் அந்தப் பேழை திறந்தது.

நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானங்களுள் உணவும் மருந்தும் அடைக்கலமும் நம்மிடையே குறைவின்றி நடைபெறுகின்றன. நான்காவதாகிய சாத்திரதானமோ ஆண்டுதோறும் குறிப்பேடுகள் வழங்குவதோடு நின்றுவிடுகிறது. குறிப்பேடு வேண்டியதுதான், ஆனால் அது எழுதப்படாத தாள். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே என்னும் பெருமாட்டி, பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில், ஓலையில், ஆயிரம் படிகள்! அவரைத் 'தானசிந்தாமணி' என்று உலகம் போற்றியதில் வியப்பில்லை.

இன்று அத்திமப்பேயின் இடத்தில் நிறுவனங்கள் நிற்கின்றன. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி என்னும் மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. நம் இளைஞர்கள் 'சி.எஸ்.ஆர்.' என்று சொல்வது இதைத்தான். கல்வியும் அதற்குரிய பணிகளுள் ஒன்று. ஆயினும் அந்தப் பணம் கட்டடமாகவும் கணினியாகவும் எளிதில் மாறுகிறது. குழந்தையின் கைப்புத்தகமாக அரிதாகவே மாறுகிறது.

பள்ளிக்கு நூலகப் பேழை வழங்குவோர் உண்டு. அவர்களுக்கு ஓர் ஆசிரியரின் சொல்: அந்த அலமாரி பெரும்பாலும் பூட்டியே இருக்கும். ஆசிரியர் சோம்பலால் பூட்டுவதில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய நூல் தொலைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். நூல் கிழிந்தால் கேள்வி வரும்; யாரும் தொடாமல் செல்லரித்தால் அத்தனை கேள்வி வருவதில்லை. மூடபித்ரிப் பேழையின் சிறு வடிவங்கள் நம் ஊர்ப் பள்ளிகள்தோறும் இருக்கின்றன.

ஆதலால் நூல் குழந்தைக்கே உடைமையாக வேண்டும் என்பது என் கருத்து. 27 நாடுகளை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வீட்டில் நூல்கள் நிறைந்த குழந்தைகள், நூலே இல்லாத வீட்டுக் குழந்தைகளைவிட ஏறத்தாழ மூன்றாண்டுகள் கூடுதலாகக் கல்வி பெறுகின்றனர் என்று கண்டது. அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன், எழுதப் படிக்க அறியாத தம் தந்தையை நினைந்து 1995இல் தம் சொந்த மாவட்டத்தில் ஒரு திட்டம் தொடங்கினார். பிறந்தது முதல் ஐந்து வயது வரை மாதம் ஒரு நூல், குழந்தையின் பெயருக்கே அஞ்சலில் வரும். அந்தந்த ஊர் அமைப்புகளும் வணிக நிறுவனங்களும் செலவைப் பகிர்ந்துகொள்ள, அது பல நாடுகளுக்குப் பரவியது. தன் பெயருக்கு வந்த பொருளைப் பிள்ளை எப்படிக் காக்கும் என்பதைப் பெற்றோர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நிறுவனக் கொடை என்றதும் சிலர் ஐயுறுகின்றனர். ஐயம் தவறன்று. தத்துவார்த்த சூத்திரம் ஈகையாளர் நீக்க வேண்டிய குற்றங்களுள் பொறாமையோடு கொடுத்தலையும் காலம் தவறிக் கொடுத்தலையும் எண்ணுகிறது. முனிவர்க்கு இடும் உணவைப் பற்றிச் சொன்னதாயினும் இங்கும் பொருந்தும். நிறுவனங்களின் கணக்காண்டு மார்ச்சில் முடிகிறது. செலவாகாத தொகைக்கு வழிதேடி அவசரமாக வாங்கிய நூல்கள், பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கும் நாளில் மூட்டையாக வந்திறங்குகின்றன. விற்காமல் தேங்கியவையும் அவற்றுள் கலந்திருக்கும். இனி விளம்பரம். பொருளை விற்கும் ஆதாயத்துக்காகச் செய்யும் ஆதரவு சமூகப் பொறுப்புச் செலவாகாது என்று விதியே விலக்குகிறது. நம் அறம் சொன்னதை அரசு விதியும் சொல்வது மகிழ்ச்சியே.

இங்கேதான் நம் அறக்கட்டளைக்கு வேலை இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின்படி உரிய பதிவுகளும் மூன்றாண்டுப் பணி அனுபவமும் உள்ள அறக்கட்டளை, சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்துகொண்டு நிறுவனங்களின் பணியை ஏற்று நடத்தலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு சமயத்தார்க்கு மட்டும் பயன்படும் அமைப்புக்கு நன்கொடை வரிச் சலுகை கிடைக்காது. "நம் பிள்ளைகளுக்கே போதவில்லையே" என்று மனம் வருந்துவோர் இந்த அவையிலும் இருக்கலாம். அவர்கள் சமவசரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அங்கே தேவரும் மக்களும் விலங்கும் ஒருங்கே அமர்ந்தனர். திவ்வியத்துவனி அவரவர்க்கு அவரவர் மொழியில் விளங்கியது. பள்ளியில் பக்கத்து இருக்கைப் பிள்ளையை விட்டு நம் பிள்ளைக்கு மட்டும் கொடுப்பதை என்னால் சாத்திரதானம் என்று சொல்ல இயலாது.

நல்ல தமிழ் நூல்களுக்கும் பஞ்சமில்லை. நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் வெளியிடுகிறது. பெங்களூருவின் பிரதம் புக்ஸ், 2015 முதல் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளையும் எவரும் அச்சிட்டு வழங்க இசைவு தந்து வைத்திருக்கிறது. தேர்ந்தெடுக்கும் பணியை ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் ஊதியமின்றி ஏற்கலாம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

சுருத பஞ்சமி பள்ளி திறக்கும் காலத்தை ஒட்டியே வருகிறது. அடுத்த ஆண்டு இதே நாளில், நம் ஊரிலுள்ள தொடக்கப்பள்ளிகள் அனைத்திலும் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு கதைநூல் வழங்குவதெனப் பொதுக்குழுவில் தீர்மானம் வைக்க வேண்டுகிறேன். கொடையளித்த நிறுவனத்தின் பெயர் பின்னட்டையில் சிறிய எழுத்தில் இருக்கட்டும். முதற்பக்கத்தில் குழந்தை தன் கையால் பெயர் எழுத ஒரு கோடு இட்டு இடம் விடுவோம்.