நாமறதி



பூனை தன் நாநுனியை உள்ளிழுக்க மறந்து அமர்ந்திருப்பதை இணையத்தில் உலவும் இளைஞர்கள் ‘பிளெப்’ என்கின்றனர்; கால்களை மடக்கி ரொட்டிபோல் அமர்வதை ‘லோஃப்’ என்கின்றனர். “இவற்றிற்குத் தமிழ்ச்சொல் உண்டா அம்மா?” எனத் திருச்சிராப்பள்ளியில் என் மாணவி ஒருத்தி வினவினாள். வீண்பேச்சு என்று கடிந்துகொண்டேன்.

அன்று மாலை திருவரங்கத்துத் தெருவொன்றில் தாய்ப்பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்லக் கண்டு நாணினேன். இக்காட்சியன்றோ வைணவத்தில் ‘மார்ச்சார நியாயம்’ ஆயிற்று! தாயைத் தானே பற்றும் குரங்குக்குட்டி வடகலையார் கொள்கைக்கும், தாயால் கவ்வப்படும் பூனைக்குட்டி தென்கலையார் கொள்கைக்கும் உவமையாயின. தொல்காப்பிய மரபியலும் இளமைப் பெயர்கள் ஒன்பதை வகுத்து, நாய்க்குக் குருளை என்றும் வெருகுக்குக் குட்டி என்றும் பிரித்துரைக்கிறது. நாமோ பேச்சுவழக்கில் இரண்டையும் குட்டி என்றே அழைத்து, குருளையை நூலுக்குள் விட்டுவிட்டோம்.

உயிர்களை உற்றுநோக்கியவர்களே அன்று சொல் படைத்தனர். இன்று உற்றுநோக்கும் இளையோரை நாம் கடிந்தால், அவர்கள் இரவற்சொல்லையே நாடுவர்.

மறுநாள் அம்மாணவியை அழைத்து, “நீயே ஒரு சொல் ஆக்கித் தா” என்றேன். சற்றே எண்ணி, “நாமறதி” என்றாள். அச்சொல்லை இவ்வவையின்முன் வைத்து அமைகிறேன்.