தொகை என்னும் தமிழ்ச்சொல்

   

கணினிக் கல்விக்குத் தமிழ் போதாது என்பார் உளர். அவர்க்கு அகநானூற்றையே சான்றாக வைத்து விடை கூறுவேன்.

செய்திகளை ஒன்றோடொன்று உறவுடைய அட்டவணைகளாக அடுக்கும் நெறியை 1970-இல் எட்கர் காட் என்னும் ஆங்கிலேய அறிஞர் வகுத்தளித்தார். அட்டவணையில் கிடையாக ஓடுவது நிரை. மேலிருந்து கீழிறங்குவது நிரல். அகநானூற்றின் ஒவ்வொரு பாட்டையும் ஒரு நிரையாக எழுதுங்கள். பாட்டெண், புலவர், திணை, பகுதி என நான்கு நிரல்கள் இடுங்கள். கடவுள் வாழ்த்து நீங்கலாக 400 நிரைகள் அமையும்.

இனி, ‘திணைதொறும் தொகுத்து எண்ணுக’ என்று வினவுங்கள். 400 நிரைகளும் ஐந்தாகச் சுருங்கும்: பாலை 200, குறிஞ்சி 80, முல்லை 40, மருதம் 40, நெய்தல் 40. ‘பகுதிதொறும்’ என்று வினவினாலோ மூன்றாகும்: களிற்றியானை நிரை 120, மணிமிடை பவளம் 180, நித்திலக்கோவை 100. வகுப்பு மாறினும் கூட்டினால் நானூறே!

இங்கு இரண்டு நெறிகளை மறவாதீர். தொகுத்தபின் நிற்பது குழுவேயன்றித் தனிப்பாட்டு அன்று. பாலைப் பாட்டு 200-ஐயும் ஒரே நிரையாக்கிவிட்டு, ‘பாடியவர் யார்?’ என்றால் எவர் பெயரைச் சொல்வது? குழுவினிடம் எண்ணிக்கை, கூட்டல், நிரவல், பெருமம், சிறுமம் ஆகியவற்றையே கேட்கலாம்.

மற்றொன்று, வடிகட்டும் இடம். 50-க்கு மேற்பட்ட குழுக்களை மட்டும் நிறுத்துக என்றால், முழுநூலில் பாலையும் குறிஞ்சியும் நிற்கும். களிற்றியானை நிரையை மட்டும் முதலில் பிரித்தெடுத்துத் தொகுத்தால் பாலை 60, குறிஞ்சி 24, ஏனைய மூன்றும் பன்னிரண்டு பன்னிரண்டு. அங்கே பாலை ஒன்றே நிற்கும். தொகுக்குமுன் வடிப்பதை ‘வேர்’ என்றும், தொகுத்தபின் வடிப்பதைக் ‘கேவிங்’ என்றும் ஆங்கில ஆணைகள் கூறும். முன்வடி, பின்வடி என்று நாம் சொன்னால் எந்தப் பிள்ளைக்கு விளங்காது?

தொகுத்த நூலும் தொகை. கூட்டிவந்த எண்ணும் தொகை. தொகுத்தலும் சுருக்கிக் காண்டலும் ஆகிய இரண்டையும் ஒரு சொல்லில் அடக்கியது நம் மொழி. வழிநூல் வகை நான்கனுள் தொகுத்தலைத் தொல்காப்பியம் முதலில் வைத்தது. இதனால் கணினியை நாமே கண்டோம் என்று வீண்பெருமை பேசேன். கருத்தை உணர்த்தும் சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது என்பதே என் துணிபு.

ஆங்கில ஆணைகளை நெட்டுருச் செய்யும் பிள்ளை, வினா சற்றே மாறினும் திகைத்து நிற்கிறான். ஆசிரியப் பெருமக்களே! பொருளை முதலில் தமிழில் உணர்த்துங்கள். ஆணையைப் பின்னர்ப் பயிற்றுங்கள். அறிவு நம் மொழியில் வேரூன்றட்டும்.

வெல்க தமிழ்!