ஆற்றை கையாலை சாப்பிடுறாய்?

(சங்கத்தின் புதுவருட ஒன்றுகூடலில் மதியபோசனத்துக்கு முன் ஆற்றிய உரை)

மருத்துநீர் வைத்து, கைவிசேஷமும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். குசினியில் கறி தாளிக்கிற வாசம் இங்கே வருகிறது. ஆகவே நீட்டி முழக்க மாட்டேன். சாப்பாட்டைப் பற்றியே நாலு வார்த்தை பேசிவிட்டு இருக்கிறேன்.

போன மாதம் என் பேத்தி தன்ரை சரித்திரப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மத்திய கால ஐரோப்பாவில் ஆர் ஆர் என்ன சாப்பிட்டார்கள் என்பது பாடம். பிரபுவின் மேசையில் வெள்ளைக் கோதுமைப் பாணும் வேட்டை இறைச்சியும், மலையாளக் கரையில் இருந்து கப்பலேறிப் போன மிளகும். உழவன் வீட்டில் வாற்கோதுமையில் சுட்ட கறுத்தப் பாணும், அவரையும் கோவாவும் போட்டு அவித்த கூழும். பெரிய விருந்துகளில் பழம் பாணைத் தட்டைபோல வெட்டி, அதன்மேல் இறைச்சி வைப்பார்கள். விருந்து முடிய, குழம்பு ஊறின அந்தப் பாண் வாசலில் நிற்கிற ஏழைகளுக்குப் போகும். 1363 இல் இங்கிலாந்தில் இதற்கு ஒரு சட்டமே போட்டார்கள். வேலைக்காரருக்கு இறைச்சியோ மீனோ நாளுக்கு ஒரு தடவைதான். மிச்ச நேரம் பாலும் வெண்ணெயும் பாற்கட்டியும். அவர்கள் என்ன துணி உடுக்கலாம் என்பதையும் அதே சட்டம் சொன்னது.

"அப்பப்பா, எங்கடை ஊரிலையும் இப்பிடி இருந்ததோ?" என்று கேட்டாள். இல்லைப் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் வயல் உள்ளவன் வீட்டில் சோறு. இல்லாதவன் வீட்டில் குரக்கன் பிட்டும் ஒடியல் கூழும். இன்று நாங்கள் நண்டும் இறாலும் போட்டு, ஆளுக்காள் போட்டி போட்டுக் குடிக்கிற கூழ், அன்று பல வீடுகளில் அரிசி இல்லாத நாளின் சாப்பாடு. ஆனால் எங்கள் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தை விடப் பொல்லாதது. அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் பாடம். என்ன சாப்பிடுகிறாய் என்பதல்ல அங்கே கேள்வி. ஆற்றை கையால் வாங்குகிறாய், எதில் குடிக்கிறாய் என்பதுதான். வீட்டுக்காரருக்கு மூக்குப்பேணி. பனை ஏற வந்தவருக்கு முற்றத்தில் சிரட்டை. தேத்தண்ணிக் கடையில் சிலருக்கு உள்ளே கிளாஸ், சிலருக்கு வெளியே போத்தல்.

எதிர்த்து நின்றவர்களும் இருந்தார்கள். 1920களில் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமபந்தி போசனம் நடத்தியது. பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கலாம் என்று ஆனபோது எத்தனை எதிர்ப்பு! 1957 இல், சாதியைச் சொல்லிக் கடையில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று சட்டம் வந்தது. வந்தும், 1960களின் கடைசியில் சங்கானையிலும் கொடிகாமத்திலும் ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்காகச் சனம் போராட வேண்டியிருந்தது. அதற்கு உயிரும் கொடுத்தார்கள்.

இனி என்ரை கதைக்கு வருகிறேன். 1984 இல், இருபத்தொரு வயதில், நான் பர் துபாய்க்குப் போனேன். கடற்கழிக்கு ஒரு பக்கம் தேரா, மற்றப் பக்கம் பர் துபாய், நடுவில் அப்ரா என்கிற வள்ளம். மீனா பஜாருக்குப் பின்னால் ஒரு அறை, எட்டுப் பேர், ஒரு அடுப்பு. கட்டிட வேலைக்குப் போகிறவர்கள் விடியப்புறம் நாலு மணிக்கே சமைத்துக் கரியரில் கொண்டு போவார்கள். மத்தியானம் திறந்தால் வெக்கையில் கறி புளித்திருக்கும். அதே கட்டிடத்தில், குளிரூட்டின அறைக்குள் எஞ்சினியர்மாருக்குக் கடைச் சாப்பாடு வரும். அங்கேயும் சாப்பாட்டில் மேல் கீழ் இருந்தது.

முதல் நாள் இரவு எனக்குச் சோறு போட்டுத் தந்தவரை அடையாளம் கண்டேன். எங்கள் வளவுப் பனையில் ஏறினவரின் மகன். என்னை விடப் பத்து வயது மூப்பு. அவருடைய தகப்பனைச் சின்னப் பெடியனாக இருந்த நான் "நீ" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். என் கை கோப்பையில் நின்றுவிட்டது. அவர் அதைக் கண்டார். மற்றவர்களுக்குக் கேளாமல், "தம்பி, விருப்பமில்லாட்டிக் கடையிலை பாண் வாங்கித் தாறன்" என்றார்.

நான் சாப்பிட்டேன். பெரிய மனதால் அல்ல, பசியால். ஒரு கிழமையில் அவரை "அண்ணை" என்று கூப்பிடப் பழகிவிட்டேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சி வாயில் ஊட்டினவர் அவர்தான்.

ஊரில் இருந்து ஆச்சி கடிதம் போட்டா. "ஆர் சமைக்கிறது? ஆற்றை கையாலை சாப்பிடுறாய்?" நான் பதில் எழுதினேன்: "நானேதான் சமைக்கிறன்."

1986 இல் அண்ணை லீவில் ஊருக்குப் போனார். வீட்டுக்கு ஒரு பார்சல் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்தவரிடம், "வீட்டிலை கவனிச்சவையோ?" என்று கேட்டேன். "ஓம் தம்பி, தேத்தண்ணி தந்தவை, நல்லாயிருந்தது" என்றார். அந்தத் தேத்தண்ணியை முற்றத்தில் சிரட்டையில் கொடுத்தார்கள் என்பதைக் கனகாலத்துக்குப் பிறகு என் தங்கச்சி சொல்லித்தான் அறிந்தேன். நான் அந்த ஒரு வரியை உண்மையாக எழுதியிருந்தால் அவருக்கு அது நடந்திருக்குமோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

2009 இல் முள்ளிவாய்க்காலில் உப்பும் அரிசியும் தண்ணீருமாகக் காய்ச்சின கஞ்சிக்கு எங்கள் சனம் வரிசையில் நின்றது. யார் காய்ச்சினது என்று கேட்க அங்கே நேரம் இருக்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியை நாங்கள் ஒன்றாக நின்று குடிக்கிறோம். ஆனால் குடித்துவிட்டு வந்து, கலியாணப் பேச்சில் "ஊரிலை எவடம்? கோயிலுக்கு எந்தப் பக்கம்?" என்று விசாரிக்கிறோம். அது ஆச்சியின் கேள்விதான், வேறு உடுப்புப் போட்டிருக்கிறது.

இதையெல்லாம் பேத்திக்குச் சொன்னேன். "அந்த அண்ணை இப்ப எங்கை, அப்பப்பா?" என்றாள். இரண்டு வருஷத்துக்கு முதல் ஊரிலே காலமாகிவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பலமுறை நினைத்தேன், கேட்கவில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன்னால் சொல்லுகிறேன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் பந்தி வைக்கப் போகிறார்கள். உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் இருங்கள். சம்பல் காரமோ, பிள்ளைகள் என்ன படிக்கினம் என்று கேளுங்கள். எவடம் என்று மட்டும் கேளாதேயுங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கினம்.