பின்பக்கக் காலியிடம் காருக்கா, காலுக்கா?

(நமது சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். அதனால் எண்களை வைத்தே பேசுகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுக்க நடத்திய சர்க்கரை நோய் ஆய்வு 2023-இல் வெளியானது. பெரியவர்களில் நாட்டின் சராசரி 11.4 சதவீதம். நம் புதுச்சேரியில் 26.3 சதவீதம். அதாவது நாலு பேரில் ஒருவருக்கு மேல். கோவாவுக்கு அடுத்து நாம்தான்.

குடியிருப்போரே இதற்கு வழி கண்ட இடம் ஒன்று உண்டு: சென்னை ஏசியாட் காலனி. டாக்டர் வி. மோகன் குழுவினர் அங்கே நடைப்பயிற்சி, உணவு பற்றி எடுத்துச் சொன்னார்கள். கேட்டவர்கள் சொந்தப் பணம் போட்டு ஒரு பூங்காவே அமைத்துவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முன்பு 14.2 சதவீதம். பூங்கா வந்த பிறகு 58.7 சதவீதம்.

பத்து ஆண்டில் அங்கே சர்க்கரை நோய் 12.4-இலிருந்து 15.4 சதவீதமானது. வருமானம் குறைந்த இன்னொரு குடியிருப்பில், அதே காலத்தில், 6.5-இலிருந்து 15.3-க்குப் போய்விட்டது.

நம் கட்டடத்தின் பின்பக்கக் காலியிடத்தைக் கார் நிறுத்தமாக்கும் யோசனை இப்போது உங்கள் முன் இருக்கிறது. அதை நடைபாதையாக்குங்கள் என்பது என் வேண்டுகோள். கைப்பிடியோடு இரண்டு பெஞ்சும், ஒரு விளக்கும் போதும்.

"பீச் ரோடு பக்கத்திலேயே இருக்கிறதே, சார்?" என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டிகள் கிடையாது. நடக்க முடிந்தவர்கள் அவசியம் போங்கள். முட்டிவலிக்காரர்களும் கண்பார்வை மங்கியவர்களும் இருட்டில் ரோட்டைத் தாண்டி அங்கே போகிறார்களா? அவர்களுக்குத்தான் இந்த இடம். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம். தினம் அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் கணக்கு நேராகிவிடும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று. ஒரு நாளைக்கு ஒருவருக்கு உப்பு 5 கிராமுக்குள், சுமார் ஒரு டீஸ்பூன். சாம்பார், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் அடக்கம். நம் கூட்டங்களில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டலும் மோரும் வைக்கலாம்.

கடைசியாக, நம் வாட்ச்மேன்களும் துப்புரவுப் பணியாளர்களும். 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கிறார்கள். அரை நாள் சம்பளம் போய்விடுமே என்றுதான் அவர்கள் போவதில்லை. சம்பளத்தோடு வருஷத்துக்கு ஒரு அரை நாள் விடுப்பு கொடுப்போம். அந்த நடைபாதையிலும் அவர்கள் தாராளமாக நடக்கட்டும்.

கார் வைத்திருப்பவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. வீட்டில் உள்ள பெரியவர்களையும் கேட்டுவிட்டு வாருங்கள்.