தேஞ்சு போன ஒரு ஸ்க்ரூ

ஒரு ஸ்க்ரூவைக் கழட்டப் போய், தலை தேஞ்சு, ஸ்க்ரூ டிரைவர் சும்மாவே சுத்தின அனுபவம் உங்களுக்கு இருக்கா? லேப்டாப்போ, மிக்ஸியோ, ரைஃபிள் சைட்டோ, எதுவா இருந்தாலும் அந்த நொடி வயித்தைக் கலக்கும். அதே கலக்கம் பூமிக்கு மேல சுமார் 560 கிலோமீட்டர் உயரத்துல ஒருத்தருக்கு வந்துச்சு. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

2009 மே 17, ஞாயிற்றுக்கிழமை. அட்லாண்டிஸ் விண்கலத்துல போன மைக் மாசிமினோவும் மைக்கேல் குட்டும் ஹப்பிள் தொலைநோக்கியில ஒரு கருவியை ரிப்பேர் பண்ண வெளிய வந்தாங்க. கருவியோட பேரு ஸ்டிஸ். ஒளியைப் பிரிச்சுப் பார்த்து, வேற கிரகத்தோட காத்துல என்ன வாயு இருக்குன்னு கூட சொல்லும். 2004ல அதோட பவர் சப்ளை போயிடுச்சு. உள்ளே இருக்கிற கார்டை மாத்தணும்னா மூடியைத் திறக்கணும். மூடியில 111 குட்டி ஸ்க்ரூ. விண்வெளியில திறக்கறதுக்காகச் செஞ்ச மூடியே இல்ல அது.

நாசாவோட பயம் எல்லாம் அந்த 111 மேலதான். ஒண்ணு மிதந்து உள்ளே போனாலும் சிக்கல். அதனால கழட்டற ஸ்க்ரூ அப்படியே மாட்டிக்கிற மாதிரி, மூடி மேல பொருத்த ஒரு தனித் தட்டு செஞ்சாங்க. தண்ணித் தொட்டிக்குள்ள பல தடவை ஒத்திகை பார்த்தாங்க.

ஆனா அந்தத் தட்டைப் பொருத்தறதுக்கு முன்னாடி, குறுக்கே இருந்த ஒரு கைப்பிடியை எடுக்கணும். அதுல நாலே ஸ்க்ரூ. அதைப் பத்தி யாரும் பெருசா கவலைப்படல. மூணு வந்துடுச்சு. நாலாவதோட தலை தேஞ்சு போச்சு. கைப்பிடி வரலைன்னா தட்டு இல்ல, தட்டு இல்லைன்னா ரிப்பேரே இல்ல.

நம்ம ஊர்னா என்ன செய்வோம்? தலைக்கும் பிட்டுக்கும் நடுவுல ரப்பர் பேண்ட் வெச்சு அழுத்தித் திருப்புவோம். ஆலன் குழின்னா கொஞ்சம் பெரிய டார்க்ஸ் பிட்டைத் தட்டி இறக்குவோம். திரெட்லாக்கர் பசை போட்டிருந்தா சால்டரிங் அயர்னால சூடு காட்டுவோம். எதுவும் நடக்கலைன்னா லேத் பட்டறையில கொடுத்து, டிரில் போட்டு ஈஸி அவுட்டால எடுப்போம். ஆனா அங்கே டிரில் போட்டா இரும்புத் தூள் தொலைநோக்கிக்குள்ள மிதக்கும். கூர்மையான விளிம்பு பட்டு கையுறை கிழிஞ்சா உயிருக்கே ஆபத்து.

கீழே மேரிலாண்ட்ல, நாசாவோட கோடார்ட் மையத்துல இருந்த இன்ஜினியர்கள் கேள்வியையே மாத்தினாங்க. ஸ்க்ரூவைக் கழட்டறதா நம்ம வேலை? கைப்பிடியை எடுக்கறதுதானே? அதே மாதிரி ஒரு கைப்பிடியை மூணு ஸ்க்ரூ இல்லாம இழுத்துப் பார்த்தாங்க. சுமார் 60 பவுண்டு, அதாவது 27 கிலோ அளவு விசையில உடைஞ்சு வந்துச்சு. மேலே தகவல் போச்சு. துண்டு எதுவும் பறக்காம டேப் சுத்திட்டு மாசிமினோ இழுத்தார். கைப்பிடி கையோட வந்துடுச்சு. அப்புறம் பவர் டூல் மக்கர் பண்ணி, அதையும் சரி பண்ணி, 111 ஸ்க்ரூவையும் கழட்டி, கார்டை மாத்தி முடிக்கறப்போ 8 மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சு. ஸ்டிஸ் உயிரோட வந்துச்சு.

நான் கோட் எழுதற ஆள். டேட்டாபேஸ் மைக்ரேஷனை பத்து தடவை டெஸ்ட் பண்ணிட்டு, ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைல்ல மாட்டி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கேன். அதனால இந்தக் கதை எனக்கு ரொம்ப நெருக்கம்.

உங்க மேஜை மேலயும் இதே கணக்குதான். ரைஃபிள் சைட்னா முதல்ல குண்டு எதுவும் இல்லையான்னு உறுதி பண்ணிக்கோங்க. பிட் முதல் தடவை வழுக்கினதுமே நிறுத்துங்க, அடுத்த திருப்பு குழியை இன்னும் வட்டமாக்கும். எது போனா பரவாயில்ல, எது போகக் கூடாதுன்னு பாருங்க. மவுன்ட்டை மாத்திக்கலாம், துப்பாக்கியில இருக்கிற மரை போனா கஷ்டம். தலையை மட்டும் டிரில்லால எடுத்துட்டா இறுக்கம் விட்டுடும். மவுன்ட்டைத் தூக்கிட்டு, மிச்சம் நீட்டிட்டிருக்கிற தண்டை வைஸ் கிரிப்பால பிடிச்சுத் திருப்பினா பெரும்பாலும் வந்துடும்.